கிணத்து முறையும் ஜெர்மனி வாட்சும்

வெயில்ல சார்ஜ் ஆகி, ரேடியோ அலையைப் பிடிச்சுத் தானாகவே நேரத்தைச் சரிபண்ணிக்கிற கைக்கடிகாரம் ஒண்ணு ஆறு மாசமா எங்க கிணத்து மேட்டுல இருக்குது. டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க சிரிக்கறாங்க. "செல்போன் இருக்கிற காலத்துல வாட்சே எதுக்கு, அதுலயும் விவசாயிக்கு வினாடி சுத்தமா நேரம் எதுக்கு"ங்கறது அவங்க கேள்வி. அவங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். என்னைக் கேட்டா, நேரம்ங்கறது கடையில இருக்கிற எடைக்கல்லு மாதிரி. அதை ஆளாளுக்கு வீட்டுல இருந்து எடுத்துட்டு வரக்கூடாது, பொதுவுல இருந்து வரணும். இந்த வாட்சுல பாதி நம்ம ஊர்ல நல்லா உழைக்குது. மீதிப் பாதி ஊமையா கிடக்குது. அது வாட்சோட குத்தம் இல்ல. பேச வேண்டிய கோபுரம் நம்ம நாட்டுல இல்ல.

ஏன் இவ்வளவு தூரம் பேசறேன்னு தெரியணும்னா முதல்ல எங்க கிணத்தைப் பத்திச் சொல்லணும்.

எங்களுது கூட்டுக் கிணறு. எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, வெட்டுனது. அவருக்குப் பொறகு நாலு பங்கு ஆச்சு. மோட்டார் ஒண்ணு, ஸ்டார்ட்டர் ஒண்ணு, கரண்ட் சர்வீஸ் ஒண்ணு, பங்கு நாலு. அதனால தண்ணிக்கு முறை உண்டு. இன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு ஒருத்தர் எடுத்தா, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அடுத்த பங்குக்கு விட்டுடணும். நடுவுல த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்ப இருக்குதோ அப்ப ஓட்டிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில கிணத்துல தண்ணி கைக்கு எட்டற மாதிரி நிக்கும்போது எந்தப் பிரச்சினையும் வராது. அரை மணி நேரம் கூட ஓடுனாக்கூட யாரும் கேக்க மாட்டாங்க. சித்திரை, வைகாசியில கதை வேற. மோட்டார் ஒண்ணரை மணி நேரம் இழுத்தா காத்து வாங்கும். நிறுத்தி வச்சு, ஊத்து ஊறுற வரைக்கும் காத்திருந்து மறுபடி போடணும். ராத்திரி பூரா ஊறுன தண்ணி விடியக்காலையில கிணத்துல நிக்கும். ஆறு மணிக்கு முன்னால அதை எடுத்தா பழைய முறைக்காரருக்கு, ஆறு மணிக்கு மேல எடுத்தா புது முறைக்காரருக்கு. இப்பச் சொல்லுங்க, ஆறு மணி எப்ப ஆகுதுங்கறது சின்ன விஷயமா?

நிமிஷத்துக்கு ஐநூறு லிட்டர்னு கணக்கு வச்சுக்கிட்டாலும் பத்து நிமிஷத்துக்கு அஞ்சாயிரம் லிட்டர். மஞ்சக் காட்டுல கடைசிப் பாத்திக்குத் தண்ணி பாயறதும் பாயாததும் அந்தப் பத்து நிமிஷத்துல இருக்குது. "என் கெடியாரத்துல இன்னும் ஆறு ஆகல"ன்னு ஒரு சொல்லு போதும். பேச்சு வளர்ந்து, பங்காளிக்குள்ள பேச்சுவார்த்தையே நின்னு போன கிணறுங்க எங்க பக்கம் நிறைய உண்டு. வரப்புச் சண்டைன்னா எல்லைக்கல் இருக்குது, பணம் கட்டுனா சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்து குடுப்பார். நேரச் சண்டைக்கு யார் வந்து அளக்கறது?

மாடு கட்டிக் கவலை இறைச்ச காலத்துல இந்தத் தொல்லை கம்மின்னு பெரியவங்க சொல்லுவாங்க. அப்ப சால் எண்ணிக்கைதான். இத்தனை சால் உனக்கு, இத்தனை சால் எனக்கு. ரெண்டு பேரும் கண்ணால பாத்து எண்ணலாம், பொய் சொல்றது கஷ்டம். பகல்ல நிழலை அடியால அளப்பாங்க. ராத்திரியில கார்த்திகை மீனும் விடிவெள்ளியும். மோட்டார் வந்த பொறகுதான் மணிக்கணக்கு வந்துச்சு. ஆனா அப்பவும் நேரம் பொதுவாத்தான் இருந்துச்சு. மில்லுல சங்கு ஊதும். டீக்கடை ரேடியோவுல செய்திக்கு முன்னால 'பீப், பீப்'னு சத்தம் வரும், அதைக் கேட்டு ஊரே கடிகாரத்தைத் திருப்பிக்கும். நினைச்சுப் பாத்தா அதுவும் ரேடியோவால நேரம் சரிபண்ணிக்கறதுதான். முள்ளைத் திருப்புனது நம்ம விரலு, அவ்வளவுதான் வித்தியாசம். சங்கு எந்தப் பங்காளிக்கும் சொந்தம் இல்ல. அதனால அதை யாரும் சந்தேகப்படல.

இங்க ஒரு சின்ன விஷயம் சொல்லிடறேன், டவுன்காரங்களுக்குத் தெரியாம இருக்கலாம். நம்ம கடிகாரம் காட்டற பன்னெண்டு மணிக்குப் பொழுது உச்சியில இருக்காது. இந்திய நேரம் கிழக்குல 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்குப் பண்ணுனது. ஈரோடு, கோபி பக்கம் எல்லாம் அதுக்கு அஞ்சு டிகிரி மேற்கு. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். அதனால சராசரியா 12.20 கிட்டத்தான் இங்க நிழல் காலடியில விழும். அதுவும் வருஷம் பூரா ஒரே மாதிரி இல்ல. பிப்ரவரி நடுவுல 12.35 கிட்டப் போகும், நவம்பர் ஆரம்பத்துல 12.05-க்கே வந்துரும். பொழுதைப் பாத்து முறை விட்டவங்களும் கடிகாரத்தைப் பாத்து முறை விட்டவங்களும் சண்டை போட்டதுல ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்துருக்கும். 1906 ஜனவரி 1-ம் தேதிதான் நாடு முழுக்க ஒரே நேரம்னு வச்சாங்க. அதுக்கு முன்னால ரயில் மெட்ராஸ் நேரத்துல ஓடிட்டு இருந்துச்சு, அது இப்ப இருக்கிறதை விட 9 நிமிஷம் பிந்துனது. பம்பாய்க்காரங்க 1955 வரைக்கும் தங்க நேரத்தை விடாமப் பிடிச்சுட்டு இருந்தாங்களாம். பெரிய பட்டணமே ஒத்துக்க அவ்வளவு வருஷம் ஆச்சுன்னா, நாலு பங்காளிங்க சண்டை போடறதுல என்ன ஆச்சரியம்.

சரி, வாட்சுக்கு வர்றேன். என் தங்கச்சி பையன் ஜெர்மனியில வேலை பாக்கறான். போன பொங்கலுக்கு வந்தப்ப அவன் கையில இருந்ததைக் கழட்டி என் கையில கட்டிவிட்டான். "மாமா, இதுக்குச் சாவியும் வேண்டாம், செல்லும் வேண்டாம், நேரமும் வைக்க வேண்டாம்"னான். மூணுல முதல் ரெண்டு இங்கயும் நிஜம்.

முகப்புக்கு அடியில சோலார் தகடு இருக்குது. அதுல வர்ற மின்சாரம் உள்ள இருக்கிற ரீசார்ஜ் பேட்டரியில சேருது. சாதாரண வாட்சுக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா செல் மாத்தணும். மாத்தறவர் பின்மூடியைச் சரியா அடைக்கலைன்னா அடுத்த மழையில தண்ணி பூந்துரும், நம்ம வேலையில வேர்வையே போதும். இதுல அந்தத் தொல்லை பல வருஷத்துக்கு இல்ல. கூட வந்த புத்தகத்துல ஒரு கணக்குப் போட்டிருக்காங்க. ஒரு நாள் ஓடறதுக்கு வெட்டவெளி வெயில்னா 5 நிமிஷம் போதும். ஜன்னல் வழியா வர்ற வெயில்னா 24 நிமிஷம். ஆபீஸ் ட்யூப்லைட் வெளிச்சம்னா 8 மணி நேரம். இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. டவுன்ல ஒருத்தர் காலையில போய் சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்து சம்பாதிக்கிற வெளிச்சத்தை, நான் மாட்டைக் கட்டுத்தறியில இருந்து அவுத்து மேய்ச்சலுக்கு மாத்திக் கட்டறதுக்குள்ள சம்பாதிச்சுடறேன்.

ஒண்ணு ரெண்டு விஷயம் கவனிக்கணும். முழுக்கைச் சட்டைக்குள்ள மறைச்சுக் கட்டுனா வெயில் படாது. பீரோவுல மாசக் கணக்குல வச்சா உள்ள இருக்கிற சார்ஜ் இறங்கும். இருட்டுல கொஞ்ச நேரம் இருந்தா திரை தானா அணைஞ்சுக்கும், அதைப் பாத்து வாட்ச் செத்துப் போச்சுன்னு பயப்படக்கூடாது, அது சிக்கனத்துக்குத் தூங்குது. ஒரு பட்டனை அமுக்குனா முழிச்சுக்கும். நிஜமாவே சார்ஜ் தீர்ந்து போச்சுன்னாதான் வச்ச நேரம் அழிஞ்சுரும், அப்புறம் ஒரு நாள் நல்ல வெளிச்சம் காட்டி முதல்ல இருந்து வைக்கணும். வெயில்ல ஓடுதுன்னுட்டு டிராக்டர் பானெட் மேலயோ, தகரக் கூரை மேலயோ, கார் டேஷ்போர்டுலயோ போட்டு வைக்காதீங்க. அதுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. வேப்பமர நிழல்ல தொங்க விட்டாலே சார்ஜ் ஆகும்.

இனி அந்த ஊமைப் பாதி.

ஜெர்மனியில ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்துல மைன்ஃப்ளிங்கன்னு ஒரு ஊர். அங்க இருந்து 77.5 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு ரேடியோ அலை ராத்திரி பகலா வந்துட்டே இருக்குது. 1959-ல் ஆரம்பிச்சது. 1973-ல் இருந்து அதுல மணி, நிமிஷம், தேதி, மாசம், வருஷம் எல்லாம் குறியீடா வருது. குறியீடுன்னா பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு வினாடி ஆரம்பத்துலயும் அலையோட பலத்தைக் கொஞ்ச நேரம் குறைக்கறாங்க. வினாடியில பத்துல ஒரு பங்கு நேரம் குறைச்சா சைபர், பத்துல ரெண்டு பங்கு நேரம் குறைச்சா ஒண்ணு. கடைசி வினாடிக்கு மட்டும் குறைக்காம விட்டுடுவாங்க, அதை வச்சு அடுத்து புது நிமிஷம் பொறக்குதுன்னு வாட்ச் தெரிஞ்சுக்கும். ஒரு நிமிஷத்துக்கு ஒரு முழுச் செய்தி. நம்ம பக்கம் பறையடிச்சு ஊருக்குச் சேதி சொன்ன மாதிரிதான். அடிக்கறதுலயும் நிறுத்தறதுலயும் சேதி இருக்குது.

அந்த அலைக்குப் பின்னால அணுக் கடிகாரம் இருக்குது. சீசியம்னு ஒரு தனிமத்தோட அதிர்வு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 தடவை ஆனா ஒரு வினாடி, இதுதான் உலகம் ஒத்துக்கிட்ட அளவு. பிரவுன்ஷ்வைக் நகரத்துல இருக்கிற அரசு அளவை நிறுவனம் அதைப் பாத்துக்குது. நாட்டோட சட்டப்படியான நேரத்தை ஊருக்குச் சொல்றது அந்த நிறுவனத்தோட கடமைன்னு 1978-ல் சட்டமே போட்டுட்டாங்க. அதனால ரயில்வே ஸ்டேஷன் கடிகாரமும் சமையல்கட்டுல மாட்டற மலிவுக் கடிகாரமும் ஒரே இடத்துல இருந்து நேரம் வாங்குது. மாசச் சந்தா இல்ல, சிம் கார்டு இல்ல, பேர் பதிய வேண்டாம். 1990-ல் யுங்ஹான்ஸ்னு ஒரு ஜெர்மன் கம்பெனி இதைக் கைக்கடிகாரத்துக்குள்ள அடக்குச்சு. பொறகு கேசியோ, சிட்டிசன், சீக்கோ எல்லாம் செஞ்சாங்க. இங்கிலாந்துல ஆன்தார்ன், அமெரிக்காவுல கொலராடோ, ஜப்பான்ல ரெண்டு மலை மேல ரெண்டு, சீனாவுல ஷாங்சியூன்னு இதே மாதிரி கோபுரங்கள் இருக்குது. என் மருமகன் குடுத்த வாட்ச் இந்த ஆறையும் பிடிக்கும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல, இந்த மாதிரி அலை ரொம்ப தூரம் போற நேரத்துல, தானா எந்திரிச்சுக் காது குடுத்துக் கேட்டு, வினாடியைச் சரிபண்ணிட்டுத் தூங்கிரும். டிவி, ஃபிரிட்ஜ் பக்கத்துல இல்லாம ஜன்னல் ஓரம் கழட்டி வச்சா நல்லாக் கேக்கும்.

ஜெர்மனி அலை சுமார் 1,500 கிலோமீட்டர் வரைக்கும் எட்டும்னு புத்தகத்துல போட்டிருக்குது. சீனாவோடதும் அவ்வளவுதான். நமக்குக் கிட்டத்துல இருக்கறதே அந்தச் சீனக் கோபுரம்தான், அதுவும் எங்க ஊர்ல இருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஆக, தமிழ்நாட்டுல இந்த வாட்ச் எந்த ராத்திரியும் எதையும் கேக்காது.

இங்க அதை வைக்கற முறை சுலபம். என் வாட்சுல மேல் இடது பட்டனை அஞ்சு வினாடி அமுக்கிப் பிடிச்சா ஊர்ப் பேரு மூணு எழுத்துல மின்னும். பெர்லின்ல இருக்கிறதை நகர்த்தி டெல்லிக்குக் கொண்டு வரணும். கோடைக்கால நேரம்னு ஒண்ணு இருக்கும், ஜெர்மனியில வருஷத்துல பாதி நாள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைப்பாங்க. நமக்கு அது இல்ல, அதனால அணைச்சுடணும். டெல்லின்னு வச்சவுடனே, அலை கிடைக்காத ஊர்னு அதுக்கே தெரியும், ராத்திரி தேடறதை நிறுத்திக்கும். வெளிநாட்டு ஊர்ப் பேரையே விட்டு வச்சா தினம் ராத்திரி தேடித் தேடிச் சார்ஜைத்தான் செலவு பண்ணும். அதுக்கப்புறம் இது சாதாரண க்வார்ட்ஸ் வாட்ச். மாசத்துக்கு அதிகமாப் போனா 15 வினாடி முன்னப்பின்ன ஓடும். மாசம் ஒரு தடவை கையால சரிபண்ணுனா எந்தக் குறையும் இல்ல.

ஆனா அந்தக் 'கையால'ங்கற இடத்துலதான் விஷயமே இருக்குது.

நான் இதைக் கட்டிட்டு முறை மாத்தற நேரத்துக்குக் கிணத்து மேட்டுக்குப் போக ஆரம்பிச்சேன். "இது அணுக் கடிகாரத்துக்குப் பொறந்தது, வினாடி தப்பாது"ன்னு எல்லாருக்கும் சொன்னேன். நாலு பங்குல ஒரு பங்கு எங்க சின்னம்மாவோடது. சித்தப்பா தவறிப் பத்து வருஷம் ஆச்சு, அவங்களேதான் மடை மாத்திப் பாய்ச்சறாங்க. பள்ளிக்கூடம் போனதில்ல. பஸ் நம்பர் படிப்பாங்க, அதே மாதிரி இந்த வாட்சுல எண்ணும் படிச்சுட்டாங்க. சித்தப்பா இருந்த வரைக்கும் அவங்க முறையில யாரும் கை வைக்கல. அப்புறம் ஒவ்வொரு கோடையிலயும் பத்து நிமிஷம், கால் மணின்னு அவங்க பங்கு அரிச்சுட்டே வந்துச்சு. 'இன்னும் ஆறு ஆகல'ங்கறவங்ககிட்ட அவங்க என்னத்தைக் காட்டி வாதாடுவாங்க? அதனால வாட்சைப் பாத்துச் சந்தோசப்படுவாங்கன்னு எதிர்பாத்தேன். அவங்க அதையே கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சொன்னாங்க: "கெடியாரம் நாயமானதாத்தான் இருக்கும் கண்ணு. ஆனா அது உன்ர கையிலயில்ல இருக்குது?"

அவங்க சொன்னதுல ஒரு எழுத்தைக் கூட மறுக்க முடியாது. ஜெர்மனியில ஒருத்தன் கையில இந்த வாட்ச் இருந்தா, அதைத் திருத்தறது அவன் விரல் இல்ல, கோபுரம். அவன் திருட்டுத்தனமாப் பத்து நிமிஷம் தள்ளி வச்சாலும் மறுநாள் விடியறதுக்குள்ள அது தானா உண்மைக்கு வந்துரும். இங்க அதே வாட்ச் வந்தவுடனே, வச்சவன் சொல்றதைச் சொல்ற சாமானா ஆயிருச்சு. சின்னம்மா ரேடியோ அலையைப் பத்தி ஒண்ணும் கேள்விப்பட்டதில்ல. ஆனா இந்த வாட்சுக்கு எது முக்கியம்னு எனக்கு முன்னால அவங்கதான் சொன்னாங்க.

செல்போன் இருக்குதேன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்விதான். போன்ல நேரம் தானா வருது, எல்லார் போன்லயும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா தானா வர்றதை அணைச்சுட்டுப் பத்து நிமிஷம் பின்னால வைக்க ரெண்டு நிமிஷ வேலை. சின்னம்மாகிட்ட இருக்கிறது பட்டன் போன், பேட்டரியைக் கழட்டி மாட்டுனா தேதியும் நேரமும் போயிரும், வேற யாராவது வச்சுக் குடுக்கணும். வெயில்ல டச் போன் திரை தெரியாது, சேத்துக் கையில தொட்டா வேலை செய்யாது. இதெல்லாம் விட, போன்ங்கறது ஒருத்தர் சட்டைப் பையில இருக்கிற சொந்தச் சாமான். "உன் போனைக் காட்டு, நீ தள்ளி வச்சிருக்கியான்னு பாக்கறேன்"னு பங்காளிகிட்டக் கேட்டுப் பாருங்க. தண்ணிச் சண்டையை விட அது பெரிசா ஆகும்.

ஊர்ல காலேஜ் படிக்கற பையன் ஒருத்தன் ஒரு வித்தை காட்டுனான். அதுக்குன்னு செயலி இருக்குதாம். போன் ஸ்பீக்கர்ல காதுக்குச் சரியாக் கேக்காத கீச்சுச் சத்தத்தை 13.3 கிலோஹெர்ட்ஸ்ல போடுது. அதோட மூணு மடங்கு 40 கிலோஹெர்ட்ஸ், ஜப்பான்ல ஒரு கோபுரத்தோட அலைவரிசை. ஸ்பீக்கர்ல இருந்து கசியற அந்தத் துளி அலை, ஒட்டி வச்ச வாட்சுக்குப் போதும். வாட்சை டோக்கியோன்னு வச்சு, போன் மேல படுக்க வச்சான். அஞ்சு நிமிஷத்துல வாட்ச் ஜப்பான் கோபுரம்தான் பேசுதுன்னு நம்பி நேரத்தை வாங்கிக்கிச்சு. திரும்ப டெல்லின்னு மாத்துனா மூணரை மணி நேரம் கழிச்சு நம்ம நேரம் காட்டுச்சு. கெட்டிக்காரப் பையன், ரசிச்சேன். வெளிநாட்டுல இருந்து இந்த வாட்ச் வாங்கிட்டு வந்தவங்க செஞ்சு பாக்கலாம், தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அந்தச் செயலியில நேரத்தை முன்னப்பின்ன தள்ளி அனுப்பவும் வழி இருக்குது. பொய்க் கோபுரம் பொய்யும் சொல்லும். சுத்திச் சுத்தி அதே இடத்துக்குத்தான் வர்றோம்.

நம்ம நாட்டுல நேரத்தை வச்சிருக்கிறவங்க இல்லாம இல்ல. டெல்லியில தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களை வச்சு இந்திய நேரத்தைக் காப்பாத்துது. ஒரு காலத்துல ஏடிஏ-ன்னு சிற்றலை நிலையம் வச்சு நேரத்தை ஒலிபரப்பவும் செஞ்சாங்க. அதை நிறுத்திட்டாங்க. 2025 ஜனவரியில மத்திய அரசு ஒரு வரைவு விதியை வெளியிட்டுச்சு, எல்லாத் துறையும் இந்திய நேரத்தை மட்டும்தான் பயன்படுத்தணும்னு. அதுக்காக ஃபரிதாபாத், அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், குவாஹாட்டின்னு அஞ்சு ஊர் ஆய்வகங்கள்ல இருந்து நேரத்தைக் குடுக்கிற திட்டமும் இருக்குது. நல்ல காரியம், நான் குறை சொல்லல. பங்குச் சந்தைக்கும் பேங்குக்கும் மின்சார கிரிடுக்கும் வினாடியில ஆயிரத்துல ஒரு பங்கு கூட முக்கியம். ஆனா கேபிள் வழியாவும் நெட்வொர்க் வழியாவும் பெரிய நிறுவனங்களுக்குப் போற நேரம், கிணத்து மேட்டுக்கு எப்படி வரும்? எங்களுக்கு ஆயிரத்துல ஒரு பங்கு வேண்டாம். ஒரு வினாடி சுத்தமாப் போதும். வானத்துல இருந்து வந்தாப் போதும்.

நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். நாக்பூர் பக்கம் ஒரு கோபுரம் வச்சா, கன்னியாகுமரியும் லடாக்கும் 1,500 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள வந்துரும். வடகிழக்குக்கு இன்னொண்ணு வேணும். மழைக்காலத்துல இடி மின்னல் இந்த அலைக்குத் தொந்தரவு பண்ணும், ஒரு ராத்திரி கேக்கலைன்னா மறு ராத்திரி கேட்டுக்கட்டும். புதுசாக் கட்டறது செலவுன்னா ஃபிரான்ஸைப் பாருங்க. அங்க அல்லூயிங்கற ஊர்ல இருந்த நெட்டலை வானொலி 2016-ம் வருஷக் கடைசியோட பாட்டு, செய்தி எல்லாத்தையும் நிறுத்திருச்சு. ஆனா அதுல கலந்து வர்ற நேரக் குறியீட்டுக்காக மட்டும் கோபுரத்தை ஓட விட்டிருக்காங்க, அதை நம்பி அவ்வளவு கடிகாரம் இருக்குது. நாம மீடியம் வேவ் நிலையங்களை ஒண்ணொண்ணா மூடிட்டு வர்றோம். மூடறதுக்கு முன்னால, இதுல நேரத்தை மட்டுமாவது அனுப்பலாமான்னு யாராவது யோசிச்சுப் பாக்கணும்.

பழைய தொழில்நுட்பம், இனி யாருக்கு வேணும்னு சொல்றவங்களும் உண்டு. ஸ்விட்சர்லாந்து 2011 கடைசியில அவங்க கோபுரத்தை மூடிட்டாங்கதான். ஆனா பக்கத்து ஜெர்மனியோட அலை அவங்களுக்கு எட்டும், நமக்கு எட்டறதுக்கு யாரும் இல்ல. செயற்கைக்கோள்ல இருந்து நேரம் வாங்கற வாட்சும் 2011, 2012-லயே வந்துருச்சு, அது இந்தியாவுலயும் வேலை செய்யும். விலையைக் கேட்டா ஒரு கறவை மாட்டு வில சொல்றாங்க. சின்னம்மா கையில அது வர்ற காலம் வரட்டும். சீனா கோபுரம் வச்ச பொறகு, அஞ்சு அலை பிடிச்ச வாட்சுங்க ஆறு அலை பிடிக்க ஆரம்பிச்சுது. நாம வச்சா ஏழாவதாச் சேர்த்துக்கறது கம்பெனிக்காரங்களுக்குக் கஷ்டமா இருக்காது, இவ்வளவு ஜனம் இருக்கிற சந்தை.

விலை கேட்டு எழுதப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். தமிழ்நாட்டுல இருக்கறதுக்குன்னா ரேடியோ பாதிக்காகக் கூடக் காசு குடுக்காதீங்க. சோலார் மட்டும் இருக்கிற வாட்சே போதும், அது வெயில் நாட்டுக்காரனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது. ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கான்னு போய் வர்ற பிள்ளைங்களுக்கு வேணா ரெண்டும் சேர்ந்தது பிரயோசனப்படும், போய் இறங்கி ஊர்ப் பேரை மாத்திட்டா அன்னிக்கு ராத்திரியே அது தன் வேலையை ஆரம்பிச்சுரும்.

எங்க கிணத்துல என்ன ஆச்சுன்னா, வாட்ச் இப்ப என் கையில இல்ல. மோட்டார் ரூம் உள்ள இருட்டு, அங்க மாட்டுனா தூங்கிரும். அதனால வெளியில வடக்குச் சுவத்துல, தாழ்வாரத்துக்கு அடியில ஆணி அடிச்சு மாட்டியிருக்குது. நேர் வெயிலும் விழாது, வெளிச்சத்துக்கும் குறையில்ல. திருட்டுப் போயிரும்னு பயந்தவங்க உண்டு, இது வரைக்கும் போகல. ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி நேரம் சரிபாக்கறது ஒரு பங்கு. ஒரு மாசம் நான், அடுத்த மாசம் அடுத்தவர். மத்த மூணு பேரும் பக்கத்துல நிக்கணும், ஆய்வகத்தோட இணையதளத்துல ஓடற நேரத்தைப் போன்ல எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கணும். இந்தத் தடவை சின்னம்மா பங்கு, அவங்க பேத்திதான் பட்டனை அமுக்குச்சு. 6 வினாடி முன்னால ஓடியிருந்துச்சு. நோட்டுல எழுதி வச்சிருக்கோம்.